சுங்கைப்பட்டாணியில் எரிந்த பஃபலோவும் பின்லாந்து வாங்கிய பஃபலோவும் ஒன்றுதானா?

பால்மரத்து நிழல் எழுதியது:

வணக்கம். கெடா தோட்டங்களின் பழைய கதைகளை இம்மன்றத்தில் எழுதி வரும் பெரியவர்களிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன். என் தாத்தா பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். 1941 டிசம்பர் 8ஆம் தேதி காலையில், பால் வெட்டிக்கொண்டிருந்த தம் அம்மாவுக்கு முன்னால் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்துக்கொண்டே போனபோது, சுங்கைப்பட்டாணி விமானத்தளம் இருந்த திசையில் இடி இடித்ததுபோல் தொடர்ந்து சத்தம் கேட்டதாகவும், பிறகு கரும்புகை எழுந்ததாகவும் சொல்வார். அதற்கு முந்திய வாரங்களில் அந்தத் தளத்திலிருந்து எழும்பித் தோட்டத்துக்கு மேலே பறந்த விமானங்களுக்கு லயத்துப் பிள்ளைகள் 'பானைவயிறு' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அன்றைக்குப் பிறகு ஒரு பானைவயிற்றையும் பார்க்கவில்லை என்றுதான் அவர் அந்தக் கதையை எப்போதும் முடிப்பார்.

அந்தப் பானைவயிறு, அமெரிக்காவின் புரூஸ்டர் நிறுவனம் செய்த பஃபலோ என்னும் சண்டை விமானம் என்பதையும், ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் பிரிவு அதை இங்கே ஓட்டியது என்பதையும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். மலாயாப் போரைப் பற்றி எழுதும் எல்லாரும் அதை உதவாக்கரை விமானம் என்றே எழுதுகிறார்கள். ஆனால் இதே புரூஸ்டரைத்தான் பின்லாந்து என்ற சிறிய நாடு, நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு, சோவியத் ஒன்றியத்தோடு நடந்த போருக்காக வாங்கியது என்றும், அங்கே அதை 'வானத்து முத்து' என்று கொண்டாடினார்கள் என்றும் சென்ற வாரம் படித்தேன். இரண்டும் ஒரே விமானம்தானா? உலகமே போருக்கு ஆயத்தமாகி, எந்த நாடும் தன் விமானத்தைப் பிறருக்குக் கொடுக்கத் தயங்கிய நேரத்தில், அவ்வளவு சிறிய நாடு சண்டை விமானங்களை எப்படித் தேடிப் பிடித்தது? நமக்கு மட்டும் அது ஏன் உதவவில்லை?

பட்டவொர்த் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தா தலைமுறைப் பிள்ளைகள் வைத்த பெயர் பொருத்தமான பெயர். நான் விமான இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிச் சம்பாதித்தவன். ஆகவே விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அரசியலை மற்றவர்கள் சொல்லட்டும்.

1939 நவம்பர் 30ஆம் தேதி சோவியத் படைகள் பின்லாந்தின்மேல் பாய்ந்தபோது, அந்நாட்டிடம் இருந்த ஓரளவு புதிய சண்டை விமானங்கள் 36 ஃபோக்கர் டி-21 மட்டுமே. அவற்றுக்குத் துணையாகப் பழைய இரட்டை இறக்கை புல்டாக்குகள் சில இருந்தன. எதிரியிடம் இருந்தவை ஆயிரக்கணக்கில். இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஃபோக்கர்களில் ஏழே ஏழைத்தான் அவர்கள் நெதர்லாந்திலிருந்து முழு விமானமாக வாங்கினார்கள். மற்றவற்றை உரிமம் பெற்று டாம்பரே நகரில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் தாங்களே செய்தார்கள். போர் வருமுன்பே தகடு வெட்டவும் இயந்திரம் பூட்டவும் பழகிய கைகள் அந்நாட்டில் இருந்தன என்பதை மறந்துவிட்டு, பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

போர் தொடங்கியதும் அவர்கள் தட்டாத கதவு இல்லை. பிரிட்டன் 30 கிளாடியேட்டர் கொடுத்தது. அவற்றில் 20 விலைக்கு, 10 இனாம். அதுவும் இரட்டை இறக்கை விமானம்தான். பிரிட்டனுக்கே அது பழசாகிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் 30 மொரான் விமானங்களை அனுப்பியது. தென்னாப்பிரிக்கா தான் கழித்துவிட்ட கான்ட்லெட்டுகளைத் தந்தது. பயிற்சிக்கு மட்டுமே அவை உதவின. ஸ்வீடன் அரசு நடுநிலை நாடு என்று சொல்லிக்கொண்டே, 12 கிளாடியேட்டர்களையும் சில குண்டுவீச்சு விமானங்களையும் விமானிகளோடு சேர்த்து 'தொண்டர் படை' என்ற பெயரில் வட பின்லாந்துக்கு விட்டுவைத்தது. கார்ல் குஸ்தாவ் ஃபொன் ரோசன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பிரபு பயணிகள் விமானமான டிசி-2 ஒன்றைத் தம் பொறுப்பில் வாங்கிக் கொடுத்தார். அதற்கு அடியில் குண்டு மாட்டி ஓர் இரவு குண்டுவீசவும் போனார்கள். ஒரு நாட்டின் விமானப்படைக்குப் பயணிகள் விமானத்தில் குண்டு கட்டிக்கொண்டு போகும் நிலை வந்தது என்றால் அதன் தட்டுப்பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விமானம் கிடைப்பது பாதி வேலை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. இத்தாலியிடம் 35 ஃபியட் ஜி-50 வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றை ரயிலில் ஏற்றினால் ஜெர்மனி வழியாகத்தான் வர வேண்டும். ஜெர்மனியோ அந்த ஆகஸ்ட் மாதம்தான் சோவியத் ஒன்றியத்தோடு கைகோர்த்திருந்தது. ஆகையால் சரக்கை விட மறுத்துவிட்டது. பெட்டிகளைத் திருப்பிக் கடல் வழியாக ஸ்வீடனுக்கு அனுப்பி, அங்கே பூட்டி, பிறகு பறந்து வரச் செய்தார்கள். இதற்குள் குளிர்காலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பின்லாந்துக்குத் திறந்திருந்த வாசல் நார்வேயும் ஸ்வீடனும் மட்டுமே.

புரூஸ்டரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. அமெரிக்கக் கடற்படை தனக்கென்று புரூஸ்டரின் எஃப்2ஏ-1 வகையில் 54 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவற்றில் சிலவற்றைப் பெற்றுக்கொண்ட பிறகு, மீதியைப் பின்லாந்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகத் திருத்திய அடுத்த வகையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அப்படி விடுபட்டவை 44. 1939 டிசம்பர் மாத நடுவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்காவில் அப்போது நடுநிலைச் சட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் சோவியத் ஒன்றியம் போர் அறிவிப்பு எதுவும் செய்யாமலே புகுந்திருந்ததால், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அச்சட்டத்தை இந்தப் போருக்குப் பொருத்தாமல் விட்டுவிட்டார். அமெரிக்கா கொடுத்த ஒரு கோடி டாலர் கடனில் ஆயுதம் வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு இருந்தது. விமானத்துக்கான பணத்தைப் பின்லாந்து தனியாகத்தான் தேட வேண்டியிருந்தது. முதல் உலகப்போர்க் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிவந்த ஒரே நாடு என்ற நற்பெயர் அமெரிக்கர்களிடையே பின்லாந்துக்கு இருந்தது. வட்டிக்கடைக்காரனுக்கு நாணயமான ஆளைப் பிடித்துப்போவது உலக வழக்கம்தானே.

கப்பல்தளத்தில் இறங்கப் பயன்படும் கொக்கியையும் உயிர்காக்கும் படகையும் கழற்றிவிட்டு, விமானங்களைப் பெட்டியில் அடைத்து, நியூயார்க்கிலிருந்து நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலில் ஸ்வீடனின் ட்ரோல்ஹேட்டனுக்குப் போயின. சாப் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் பூட்டிச் சோதித்து, ஒவ்வொன்றாகப் பின்லாந்துக்குப் பறக்கவிட்டார்கள். இவ்வளவும் நடந்து சில விமானங்கள் வந்து இறங்கும்போது, 1940 மார்ச் 13ஆம் தேதி போர் முடிந்துவிட்டது. அந்தக் குளிர்காலப் போரில் புரூஸ்டர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மனி நார்வேக்குள் புகுந்ததும் அந்த வாசலும் அடைபட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் பெட்டிகள் பெர்கனிலேயே கிடந்திருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஒரே விமானம் அல்ல. பின்லாந்துக்குப் போனது இலகுவான முதல் வகை. இங்கே வந்தது பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட பிந்திய வகை. அதில் சற்று வலுவான இயந்திரம் இருந்தாலும், கவசம், கருவிகள் என்று ஏற்றி ஏற்றி அதன் எடை பல நூறு கிலோ கூடிவிட்டது. இயந்திரங்களில் சில, பயணிகள் விமானங்களில் ஓடிய பிறகு புதுப்பிக்கப்பட்டவை. நம் ஊர் வெக்கையில் எண்ணெய் சூடேறி, மேலே ஏற ஏற இயந்திரம் தளர்ந்துபோனது. துப்பாக்கிகளும் அடிக்கடி மக்கர் செய்தன. சிங்கப்பூரில் இருந்த நியூசிலாந்துப் பிரிவினர் பின்னாளில் கனமான துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றை மாட்டியும், எரிபொருளைக் குறைத்து ஏற்றியும் எடையைக் குறைக்கப் பாடுபட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பின்லாந்துக்காரர்களுக்கும் இயந்திரத் தொல்லை இருக்கத்தான் செய்தது. அதே சைக்ளோன் இயந்திரம் அங்கேயும் எண்ணெயைக் கக்கியது. அவர்களுடைய மெக்கானிக்குகள் பிஸ்டன் வளையம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அதைச் சரிசெய்தார்கள். இருக்கைக்குப் பின்னால் தாங்களே செய்த கவசத் தகட்டை வைத்தார்கள். குறிபார்க்கும் கருவியை மாற்றினார்கள். அளவுமானிகளை மெட்ரிக் முறைக்குக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் செய்ய அவர்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் அமைதி கிடைத்தது. அடுத்த போர் 1941 ஜூன் 25ஆம் தேதிதான் தொடங்கியது. பிஸ்டன் வளையத்தைத் திருப்பிப் போட்ட அந்த ஒரு வேலையை நினைத்து நான் பல நாள் வியந்திருக்கிறேன். கையேட்டில் இல்லாத ஒன்றைச் செய்ய ஒரு மெக்கானிக்குக்கு அனுமதி கொடுத்த மேலதிகாரியும் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கூலிம் ஆசிரியை எழுதியது:

ஃபிட்டர் ஐயா விட்டுவைத்த அரசியலை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில், 'நமக்கு மட்டும் அது ஏன் உதவவில்லை' என்ற கேள்வியில் உள்ள 'நமக்கு' என்ற சொல்லிடம் முதலில் நிற்க விரும்புகிறேன்.

பின்லாந்து தனக்காகத் தானே கை நீட்டியது. அதன் தூதர்கள் வாஷிங்டனிலும் ரோமிலும் லண்டனிலும் காத்துக் கிடந்தார்கள். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதை ஹெல்சின்கி முடிவு செய்தது. மலாயாவுக்கு அப்படிக் கேட்பதற்கு ஒரு வாய் இல்லை. கேட்டவர்கள் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் தளபதிகள். கொடுக்க வேண்டியவர்கள் லண்டனில் இருந்தார்கள். தூரக்கிழக்கைக் காக்க 336 விமானங்களாவது வேண்டும் என்று 1940இல் லண்டனிலேயே முப்படைத் தலைவர்கள் கணக்கிட்டார்கள். இங்கிருந்த தளபதிகளோ 566 வேண்டும் என்றார்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி போர் வந்தபோது முன்னணியில் பறக்கத் தயாராக இருந்தவை 158. அவற்றில் பிரிட்டனின் சிறந்த சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயரில் ஒன்றும் இல்லை, ஹரிக்கேனில் ஒன்றும் இல்லை.

பிரிட்டன் 170 பஃபலோக்களை அமெரிக்காவிடம் விலைக்கு வாங்கியது. அது ஐரோப்பாவில் ஜெர்மானியரை எதிர்க்கப் போதாது என்று விமான அமைச்சகம் முடிவு செய்த பிறகுதான் கிழக்கே திருப்பிவிடப்பட்டது. பெல்ஜியமும் தன் சிறிய விமானப்படைக்காக 40 புரூஸ்டர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 1940 மே மாதம் அந்நாடு வீழ்ந்ததும் அவற்றில் பெரும்பகுதி பிரிட்டனிடமே போய்ச் சேர்ந்தது. தூரக்கிழக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட் புரூக்-பாப்பம், உயர்ரக ஸ்பிட்ஃபயர்கள் இங்கிலாந்திலேயே இருக்கட்டும், மலாயாவில் பஃபலோக்களை வைத்துச் சமாளித்துக்கொள்வோம் என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஜப்பானிய விமானங்களைப் பற்றிச் சீனாவிலிருந்து வந்த எச்சரிக்கைகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் மலாயா ஏழை நாடு அல்ல. நம் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்குப் போய் டாலராகத் திரும்பின. பிரிட்டிஷ் பேரரசுக்கு அவ்வளவு டாலரை ஈட்டிக்கொடுத்த குடியேற்ற நாடு வேறில்லை. 1941 மார்ச்சில் கடன்-குத்தகைச் சட்டம் வரும்வரை அமெரிக்க விமானத்துக்கு ரொக்கமாக டாலர் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் உங்கள் கொள்ளுப்பாட்டி விடியலில் வெட்டிய பாலின் ஒரு துளியாவது அந்த டாலரில் கலந்திருக்கும். அதுவும் போக, நேரடியாகவே பணம் திரட்டிக் கொடுக்கும் வழக்கமும் இங்கே இருந்தது. முதல் உலகப்போரிலேயே பேராக்கின் பத்து காஜாவில் தோட்டமும் சுரங்கமும் வைத்திருந்த ஆல்மா பேக்கர் என்பவர், மலாயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிதி திரட்டிப் பிரிட்டனுக்குப் போர்விமானங்களை வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் போரில் பிரிட்டனின் 214ஆம் குண்டுவீச்சுப் பிரிவு 'கூட்டு மலாய் மாநிலங்கள்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவில் பறந்தது. மலாயாவின் பெயர் தாங்கிய விமானப்பிரிவு ஜெர்மனிக்கு மேலே. மலாயாவுக்கு மேலே பானைவயிறு.

அதே 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, போர்க்கால உற்பத்தியைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லிப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். இது விமானக் கதையிலிருந்து விலகியதாக யாருக்காவது தோன்றினால் பொறுத்தருள்க. அந்தப் போர்க்கால உற்பத்தியின் பலன் எங்கே போனது என்பதைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

1941 கோடையில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும், சர்ச்சில் நூற்றுக்கணக்கான சண்டை விமானங்களை ரஷ்யாவுக்கு அனுப்ப இசைந்தார். செப்டம்பரில் 39 ஹரிக்கேன்களோடு ஒரு பிரிட்டிஷ் பிரிவே மர்மான்ஸ்க் அருகே போய் இறங்கியது. ரஷ்யா விழாமல் நின்றது உலகத்துக்கு நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும் சிங்கப்பூருக்கு 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் வந்து சேர்ந்தது 1942 ஜனவரியில், வட மலாயா முழுவதும் கைவிட்டுப் போன பிறகு. இதில் ஒரு வினோதத்தைக் கவனியுங்கள். மலாயாவுக்கு வராத ஹரிக்கேன்கள் ரஷ்யாவில் பின்லாந்தின் புரூஸ்டர்களோடு மோதின. பின்லாந்து அப்போது ஜெர்மனியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துக்கொண்டிருந்தது. பிரிட்டன் அதன்மேல் போர் அறிவித்த நாள் 1941 டிசம்பர் 6. சரியாக இரண்டு நாள் கழித்துத்தான் சுங்கைப்பட்டாணியில் குண்டு விழுந்தது. அதாவது ஒரே வாரத்தில் ஒரு புரூஸ்டர் பிரிட்டனுக்குப் பகை, இன்னொரு புரூஸ்டர் பிரிட்டனுக்குக் காவல்.

கணக்குப் பார்ப்பவன் எழுதியது:

இருவரின் பதிவும் சிறப்பு. ஆனாலும் பின்லாந்தின் வெற்றிக் கதையைக் கொஞ்சம் நிதானத்தோடு படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்லாந்து விமானப்படையின் 24ஆம் பிரிவு 1941 ஜூன் முதல் 1944 மே வரை புரூஸ்டரில் 459 சோவியத் விமானங்களை வீழ்த்தியதாகவும், சண்டையில் 15 புரூஸ்டர்களை மட்டுமே இழந்ததாகவும் சொல்லப்படுகிறது. இழப்புக் கணக்கு நம்பகமானது. தன் வீட்டில் எத்தனை பானை உடைந்தது என்பது எவருக்கும் தெரியும். எதிரியின் இழப்பு விமானிகள் உரிமை கோரிய எண். வானச் சண்டையில் ஒரே விமானத்தை இருவர் சுட்டதாகச் சொல்வதும், புகைவிட்டுத் தாழ்ந்தது விழுந்துவிட்டது என்று நம்புவதும் எல்லா நாட்டு விமானப்படைகளிலும் நடந்திருக்கின்றன. சோவியத் ஆவணங்கள் திறந்த பிறகு அந்த எண் குறையத்தான் செய்கிறது. குறைத்துப் பார்த்தாலும் அது பெரிய சாதனைதான் என்பதை மறுக்கவில்லை.

அடுத்தது எதிராளி. 1941 கோடையில் அவர்கள் எதிர்கொண்டவை பெரும்பாலும் ஐ-153 போன்ற பழைய வகைகளும் துணையின்றி வந்த குண்டுவீச்சு விமானங்களும். அவற்றை ஓட்டியவர்களில் பலர் அவசரப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். இங்கே வந்த ஜப்பானிய விமானிகளோ சீனாவில் பல ஆண்டுகள் சண்டையிட்டுப் பழகியவர்கள். பின்லாந்து விமானிகள் 1930களிலேயே மூவர் மூவராகப் பறக்கும் பழைய முறையைக் கைவிட்டு, இருவர் இருவராக ஒருவரை ஒருவர் காக்கும் முறையைப் பயின்றிருந்தார்கள். இங்கே 21ஆம் பிரிவினருக்கு பஃபலோ கைக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மூன்றாவது, சுங்கைப்பட்டாணியில் பஃபலோ வானத்தில் தோற்றது என்று சொல்வதைவிட, தரையில் சிக்கியது என்பதே சரி. வட மலாயாவில் ரேடார் பாதுகாப்பு இல்லை. தளத்தைச் சுற்றிப் போதிய விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இல்லை. 8ஆம் தேதி விடியலில் வட மலாயாத் தளங்களில் இருந்த 110 விமானங்களில் மாலைக்குள் பறக்கக்கூடியவையாக எஞ்சியவை 50. அன்று மாலையே சுங்கைப்பட்டாணித் தளத்தைக் காலி செய்து பட்டவொர்த்துக்குப் பின்வாங்கிவிட்டார்கள். எந்த விமானம் நின்றிருந்தாலும், ஒரு ஸ்பிட்ஃபயரே அந்த ஓடுபாதையில் நின்றிருந்தாலும், எரிந்துதான் போயிருக்கும். மறுநாள் பட்டவொர்த்திலிருந்து எழும்பிய ஒற்றை பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானத்தைத் தனியாகவே, ஜப்பானியர் பிடித்திருந்த தாய்லாந்தின் சிங்கோராவுக்கு ஓட்டிப்போய்க் குண்டுவீசி, உயிர்போகும் காயத்தோடு அலோர்ஸ்டாரில் கொண்டுவந்து இறக்கிய ஆர்தர் ஸ்கார்ஃபின் வீரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த மக்களுக்குக் குறைந்தது வீரம் அல்ல.

கடைசியாக ஒன்று. 1940க்குப் பிறகு பின்லாந்துக்கு விமானம் எங்கிருந்து வந்தது என்பதை ஃபிட்டர் ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். பிரான்சையும் நார்வேயையும் பிடித்த ஜெர்மனி, அங்கே கைப்பற்றிய கர்ட்டிஸ் ஹாக்குகளையும் மொரான்களையும் பின்லாந்துக்கு விற்றது. 1943இலிருந்து தன்னுடைய மெஸ்ஸர்ஷ்மிட் 109களையே கொடுத்தது. அந்த விற்பனை சும்மா நடக்கவில்லை; ஜெர்மன் படை பின்லாந்து மண்ணில் நின்றது, லெனின்கிராட் முற்றுகையில் வடக்குப் பக்கம் பின்லாந்துப் படை நின்றது. அந்த நகரத்தில் பட்டினியால் செத்தவர்கள் லட்சக்கணக்கானோர். ஆகவே 'சிறிய நாடு எப்படி விமானம் தேடிப் பிடித்தது' என்ற கேள்விக்கு, அது யாருடைய கையைப் பிடித்தது என்பதும் பதிலின் ஒரு பகுதி.

பட்டவொர்த் ஃபிட்டர் எழுதியது:

கணக்குப் பார்ப்பவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மெஸ்ஸர்ஷ்மிட்டைப் பற்றி எழுதாமல் விட்டதற்குக் காரணம் மறதி அல்ல. எனக்கு அந்தப் பகுதி பிடிக்காது. அதை விட்டது தவறுதான்.

எனினும் தொழிற்கூடப் பக்கத்தில் இன்னும் சிறிது சேர்க்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வருவதை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஃபோக்கரின் மெர்க்குரி இயந்திரங்கள் பிளென்ஹெய்ம்களுக்குத் தேவைப்பட்டபோது, கையில் கிடைத்த அமெரிக்க இயந்திரத்துக்கு ஏற்றபடி ஃபோக்கரின் மூக்கை மாற்றி மேலும் 50 செய்தார்கள். பலம் குறைந்த மொரானில், ரஷ்யர்களிடமிருந்து கைப்பற்றிய கிளிமோவ் இயந்திரத்தைப் பூட்டி அதற்குப் 'பூத மொரான்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். எதிரி விட்டுப்போன இயந்திரத்தால் எதிரியையே துரத்தினார்கள். புரூஸ்டரையே பார்த்து, மர இறக்கை வைத்து, ஹூமு என்ற விமானம் ஒன்றைச் செய்து 1944 ஆகஸ்டில் பறக்கவிட்டார்கள். அதற்குள் அதன் காலம் முடிந்திருந்ததால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை. மிர்ஸ்கி என்று பெயரிட்ட அவர்களின் சொந்தச் சண்டை விமானத்தில் ஒட்டுப்பலகையும் பசையும் ஈரத்தில் பிரிந்து பெரும் தொல்லை கொடுத்தன.

1944 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தோடு சமாதானம் செய்துகொண்டதும், ஜெர்மானியரை நாட்டைவிட்டு விரட்ட வேண்டிய நிபந்தனை வந்தது. அக்டோபர் 3ஆம் தேதி எஞ்சிய புரூஸ்டர்கள் ஜெர்மனியின் ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. ஆசிரியை அம்மா சொன்ன வினோதத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1948 வரை பின்லாந்தில் புரூஸ்டர் பறந்துகொண்டிருந்தது.

பால்மரத்து நிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கேள்வியில் இருந்த 'நமக்கு' என்ற சொல்லை ஆசிரியை அம்மா பிடித்துக்கொண்டது எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது. தாத்தா கடைசிவரை அந்த விமானங்களை 'நம்ம விமானம்' என்றுதான் சொல்வார். அவை யாருடையவை என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.

தாத்தாவின் தங்கை, எங்கள் சின்னப்பாட்டி, தொண்ணூறைக் கடந்தும் நினைவு தெளிவாக இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போய், கைப்பேசியில் பின்லாந்துப் புரூஸ்டரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தவர், 'வயிறு அதேதான். ஆனா இதுல ஏன்டா நம்ம கோயில் வாசல்ல போடுற ஸ்வஸ்திகம் போட்டிருக்கு?' என்று கேட்டார். ஹிட்லரின் சின்னமாக இருக்கும் என்று சொல்லி வந்துவிட்டேன். ஆனால் அது நீல நிறத்தில் இருந்ததால் எனக்கே ஐயமாக இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து போன விமானத்தில் 1940இலேயே அந்தக் குறி எப்படி வந்தது? அப்படிப்பட்ட விமானம் எதுவும் இன்று மிஞ்சியிருக்கிறதா?

பட்டவொர்த் ஃபிட்டர் எழுதியது:

சின்னப்பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அது ஹிட்லரிடமிருந்து வந்த குறி அல்ல. 1918 மார்ச் மாதம் பின்லாந்து விமானப்படைக்குக் கிடைத்த முதல் விமானமே ஓர் இனாம். எரிக் ஃபொன் ரோசன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பிரபு கொடுத்தது. அவர் தம் நற்பேற்றுக் குறியாக வைத்திருந்த நீல ஸ்வஸ்திகத்தை அதில் வரைந்து அனுப்பினார். பின்லாந்து அதையே தன் போர்விமானங்களின் குறியாக்கி 1945 வரை வைத்திருந்தது. நான் முதலில் எழுதிய டிசி-2 விமானத்தை வாங்கிக் கொடுத்தவர் இந்த எரிக்கின் மகன். தந்தை கொடுத்ததில் தொடங்கிய விமானப்படைக்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்து மகனும் கொடுத்தார். தந்தை பின்னாளில் நாஜிகளோடு நட்புப் பாராட்டியவர் என்பதையும், கணக்குப் பார்ப்பவர் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

மிஞ்சியது ஒன்று உண்டு. 1942 ஜூன் 25ஆம் தேதி லௌரி பெக்குரி என்ற விமானி ஓட்டிய பி டபிள்யூ 372 என்ற புரூஸ்டர், சண்டையில் அடிபட்டு ஒரு ஏரியில் இறங்கி மூழ்கியது. அவர் நீந்திக் கரையேறி, காட்டு வழியே நடந்து தம் படையைச் சேர்ந்தார். 1998இல் அதை ரஷ்யப் பகுதி ஏரியிலிருந்து தூக்கி எடுத்தார்கள். முதலில் அமெரிக்காவுக்குப் போய், இப்போது பின்லாந்தின் திக்ககோஸ்கி அருங்காட்சியகத்தில் புதுப்பிக்காமல், எடுத்த நிலையிலேயே நிற்கிறது. அதைச் சுட்டு ஏரியில் இறக்கியது ஒரு சோவியத் ஹரிக்கேன்.